ஏழாம் நம்பர் கல்லின் நெற்றி

தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. பல்லடத்துல நீங்க ஏறினதுல இருந்து உங்க நெத்தியையே பாத்துட்டு வர்றேன். நீங்களும் ரெண்டு தரம் கையை வெச்சுத் தடவிட்டீங்க, எதாச்சும் ஒட்டியிருக்குதோன்னு. ஒண்ணும் ஒட்டலைங்க. பொட்டு நெம்ப நல்லா இருக்குது. பளிச்சுனு இருக்குது. அதைப் பத்தித்தான் ஒரு விசயம் சொல்லோணும். ஆனா எடுத்த எடுப்புல சொன்னா கிறுக்கன்னு நினைச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. போன வாரம் ஒருத்தரு அப்படித்தான், உக்கார எடம் இருந்தும் நான் எறங்கற வரைக்கும் நின்னுட்டே வந்தாரு. அதனால மொதல்ல இருந்து வர்றேன். நான் எறங்கறதுக்கு இன்னும் நேரம் இருக்குது.

என்ற பேரு நாச்சிமுத்து. நிலாவுல வேலை பாக்கறேனுங்க.

சிரிங்க, பரவாயில்லை. என்ற ஊட்டுக்காரி பாவாயியும் சிரிச்சா. அவ இன்னும் நிறுத்தலை. சூலூருக்கு முன்னாடி ஒரு கம்பெனி இருக்குது, பேரு வேண்டாம். நிலாவுக்கு அனுப்பற வண்டியில பூட்டற கருவியெல்லாம் செய்யறாங்க. கல்லையும் மண்ணையும் பாத்து, இதுல இன்னது இருக்குதுன்னு சொல்ற கருவிங்க. அதை இங்க சோதிச்சுப் பாக்கோணும்ல? அதுக்காகக் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு தகரக் கொட்டாய் போட்டு, உள்ள முழங்கால் ஆழம் வெள்ளை மண்ணைக் கொட்டி வெச்சிருக்கறாங்க. நாமக்கல் பக்கம் ஒரு வெள்ளைப் பாறை இருக்குதுங்க, நிலாவுல இருக்கற பாறைக்கு ஒறம்பரை மொறை, சொந்தம்னாங்க. அதை அரைச்சுக் கொட்டினது. சுத்தியும் கறுப்புத் துணி. மேல ஒரே ஒரு பெரிய லைட்டு. அதுதான் சூரியன். சூரியனோட சுவிட்சு என்கிட்டத்தான் இருக்குது.

அதுக்கு முன்னாடி கோழிப் பண்ணையில இருபது வருசம் சூப்பர்வைசரா இருந்தேன். அதைப் பாத்துத்தான் என்னை எடுத்தாங்க. கோழி செட்டுக்கும் நிலாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க. ரெண்டுலயும் வெளியழுக்கு உள்ள போகக்கூடாது. ஒரு ஆளு செருப்போட உள்ள வந்தா நாலாயிரம் குஞ்சு போயிரும். அந்தப் பயம் எனக்கு ரத்தத்துல ஊறினது. இங்கயும் அப்படித்தான். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்குப் பை. ஆரோக்கியராஜ்னு ஒரு பெரிய சார் இருக்கறாரு, ஒரு தரம் முறுக்கைக் கடிச்சுட்டே உள்ள வந்துட்டாரு. வாசல்லயே நிறுத்தி, வாயைக் கொப்புளிக்க வெச்சுத்தான் விட்டேன். சுத்தம்னா நாச்சிமுத்துன்னு பேரு எடுத்து வெச்சிருந்தேனுங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

வண்டியைப் பத்திக் கேக்கவே வேண்டாம். ஆட்டுக்குட்டி ஒசரம், ஆறு சக்கரம், நீட்டமா ஒரு கழுத்து, கழுத்து மேல கண்ணு. ஓட்டறவங்க அடுத்த ரூம்ல இருப்பாங்க. நேர்ல எட்டிப் பாக்கக்கூடாது, கேமராவுல தெரியறதைத்தான் பாக்கோணும். நகருன்னு சொன்னா ஒடனே நகராது. நிலா அத்தனை தூரமாம், சொன்னது போய்ச் சேர நேரம் ஆகுமாம், அதுக்காக வேணும்னே லேட்டாக் கேக்கற மாதிரி செஞ்சு வெச்சிருக்கறாங்க. என்ற மகனை யாரும் அப்படிச் செய்யலை, அவன் தானாவே அப்படி இருக்கறான்.

ஒரு கல்லைப் பாக்கறதுக்கு அரை நாளுங்க. கிட்டப் போகும், நிக்கும், கழுத்தைச் சாய்க்கும், போட்டோ எடுக்கும், மறுபடியும் நிக்கும். என்ற மாமியாரு மாப்பிள்ளை பாக்க வந்தப்பக்கூட என்னை அத்தனை நேரம் பாக்கலை.

அந்தக் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கறதுதான் நித்திலாவோட கருவி. நித்திலான்னு ஒரு புள்ள, தஞ்சாவூர்ப் பக்கம். ஆறு வருசமா அந்த ஒண்ணையே கட்டிட்டு அழுவுது. கல்யாணப் பேச்சு வந்தா, இது மேல போகட்டும் அப்புறம் பாக்கலாம்னு சொல்லுமாம். இது என்ன செய்யும்னு ஒரு நாள் கேட்டேன். "அண்ணே, அடுப்புல உப்பு சிந்துனா மஞ்சளா எரியும்ல? அதே மாதிரிதான்"னு சொல்லுச்சு. கல்லு மேல ஊசி மாதிரி லேசரை ஒரு தரம் சுடும். பட்ட எடத்துல கடுகளவுகூட இல்லாத ஒரு பொறி. கல்லு கொஞ்சூண்டு ஆவியாகி மின்னும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நிறமாம். அந்த நிறத்தைப் பிரிச்சுப் பாத்து, கால்சியம் இத்தனை, அலுமினியம் இத்தனைன்னு கோடு கோடாப் போட்டுக் காட்டிரும். காலையில எந்திரிச்சதும் வண்டி முதுகுல ஒட்டியிருக்கற ஒரு சின்னத் தட்டைத்தான் மொதல்ல சுட்டுப் பாக்கும். அதுல என்னென்ன இருக்குதுன்னு முன்னமே தெரியும். அதைச் சரியாச் சொன்னாத்தான் அன்னிக்கு மத்த வேலை. நாம மூஞ்சி கழுவிட்டுக் கண்ணாடி பாக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

ஆரோக்கியராஜ் சார் கருவி வேற. மண்ணை அள்ளிக் குட்டி அடுப்புல போட்டு வறுத்து, வர்ற புகையை மோந்து பாக்கறது. ரெண்டுமே நல்ல கருவிதான். ஆனா மேல போற வண்டியில எடை தாங்காது, ஒண்ணுக்குத்தான் எடம்னு சொல்லிட்டாங்க. எது போகோணும்னு முடிவு பண்ண ஐப்பசி மாசம் மூணு பேரு பெரிய எடத்துல இருந்து வர்றதா ஏற்பாடு.

அதுக்கு முன்னாடி ஆயுத பூசை வந்துச்சுங்க.

ஆபீஸ்ல பூசை நல்லாத்தான் பண்ணினாங்க. கம்ப்யூட்டருக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு, ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு. வண்டிக்கு மட்டும் வெக்கக்கூடாதுன்னுட்டாங்க. நித்திலா ஒரு துண்டுக் காகிதத்துல பொட்டு வெச்சு, அதை வண்டி பின்னாடி ஒட்டி, கற்பூரம் காட்டினதும் உரிச்சு எடுத்துருச்சு. காகிதத்துக்கு வெச்சா அது வண்டிக்கு வெச்சதாகுமா, நீங்களே சொல்லுங்க. பொரிப் பொட்டலத்தை வாங்கிட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்க. பூட்டறதுக்கு நான் மட்டும் நிக்கறேன்.

உள்ள பதினோரு கல்லு கெடக்குதுக. நம்பர் போட்ட கல்லு. எதுல என்ன இருக்குதுன்னு எழுதின சீட்டைக் கவர்ல போட்டு ஒட்டிப் பொட்டியில பூட்டியிருப்பாங்க, அது எனக்குத் தெரியாது. ஆனா எடம் மாத்தி மாத்தி வெக்கறது நான்தான். ஏழாம் நம்பர் கல்லுன்னா எனக்குக் கொஞ்சம் பிரியம். ஒக்காந்திருக்கற ஆளு மாதிரி மேல அகலமா, நெத்தி மாதிரி இருக்கும். எனக்கு மனசு கேக்கலைங்க. வருசம் பூரா அந்த லைட்டுக்கு அடியில கெடந்து, லேசர்ல சூடு வாங்கறது யாரு? இதுகதான். சுத்தியலுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்குது, வேலை செய்யறதுகளுக்கு இல்லை. சட்டைச் சோப்புல, பாக்கெட்டுலதாங்க, எப்பவும் குங்கும டப்பி இருக்கும் எனக்கு. பதினொண்ணுக்கும் சந்தனத்தைத் தொட்டு, மேல குங்குமம் வெச்சேன். கையுறை போட்டுட்டுத்தான் வெச்சேனுங்க. சுத்தம் முக்கியம்.

மூணாம் நாள் ஆபீஸ் தொறக்கறதுக்குள்ள ஈரத் துணியில எல்லாத்தையும் தொடைச்சுட்டேன். நிலாவுல எவன் பொட்டு வெப்பான்? அந்த அளவுக்கு வெவரம் எனக்கும் உண்டு. வெச்ச எடம் தெரியலைங்க. நானே தேடிப் பாத்தேன், தெரியலை.

அப்புறம் அந்த மூணு பேரும் வந்தாங்க. அதுல ஒரு பெரியவரு, வெள்ளைச் சட்டை, சிரிக்கறதுக்குக் காசு கேப்பாரு போல. அடுத்த ரூம்ல எல்லாரும் திரையைப் பாத்து உக்காந்திருக்கறாங்க, நான் வாசல்ல நிக்கறேன். நாலாம் நம்பர் கல்லைப் பக்கவாட்டுல சுட்டுச்சு, சரி. ஒம்பதாம் நம்பர், அதுவும் பக்கவாட்டுல, சரி. பொறவு ஏழுகிட்டப் போய், கழுத்தைச் சாய்ச்சு, நேரா நெத்தியில சுட்டுச்சு.

ஈயம்னு வந்துருச்சு.

 மறுபடி சுடுன்னாங்க. மறுபடியும் ஈயம். சித்தெ தள்ளிச் சுடுன்னாங்க. அங்க ஈயம் இல்லை. பொட்டியைத் தொறந்து ஏழாம் நம்பர் சீட்டைப் பிரிச்சுப் பாத்தாங்க. சுத்தமான நாமக்கல் பாறை, ஈயம் கெடையாதுன்னு எழுதியிருக்குது. பெரியவரு நோட்டை மூடிட்டாரு. "ஒரு கல்லுலயே இங்க ஒண்ணு சொல்லுது, விரக்கடை தள்ளி வேற சொல்லுது. மேல போய் இது சொல்றதை எப்படிம்மா நம்பறது?" நித்திலா, "காலையில தட்டைச் சரியாத்தான் சார் படிச்சது"ன்னு சொல்லிப் பாத்துச்சு. "சாப்பிட்டு வந்து முடிவைச் சொல்றோம்"னுட்டுக் கெளம்பிட்டாங்க. முடிவு என்னன்னு அவரு நோட்டை மூடின விதத்துலயே தெரிஞ்சு போச்சு. ஆரோக்கியராஜ் சாரு பாவம், மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத்தான் போனாரு. நடைதான் கொஞ்சம் துள்ளலா இருந்துச்சு.

அப்ப எனக்குப் பொட்டு நெனப்பே வரலைங்க. சத்தியமா.

சரி, வந்துச்சு. வந்துச்சுதான். ஆனா குங்குமத்துக்கும் ஈயத்துக்கும் என்னங்க சம்பந்தம்? குங்குமம்னா மஞ்சளும் சுண்ணாம்பும். ஈயம்னா பாத்திரத்துக்குப் பூசறது. அப்ப நான் சொல்றதுக்கு என்ன இருக்குது? யாரும் என்கிட்டக் கேக்கவும் இல்லை. கேட்டாத்தானே சொல்றது. முறுக்குத் தின்ன சாரை வாயைக் கொப்புளிக்க வெச்சவன், நான் பொட்டு வெச்சேன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்?

நித்திலா சாப்பிடப் போகலை. கொட்டாய் வாசல்ல ஒரு பொட்டியைக் கவுத்துப் போட்டு, லேப்டாப்பை மடியில வெச்சு உக்காந்துட்டுது. கண்ணு செவந்திருக்குது, ஆனா கை நிக்கலை. ஏழாம் நம்பர் கல்லு மேல வரிசைக்கு அஞ்சு, அஞ்சு வரிசை, இருபத்தஞ்சு எடத்துல சுடச் சொல்லுச்சு. டிக், டிக்குனு சத்தம் மட்டும் கேக்குது. ஈயம் இருக்கற எடத்துக்கெல்லாம் சிவப்புன்னு படம் போட்டுப் பாத்துச்சு.

"அண்ணே, இங்க வாங்களேன்."

போனேன்.

"வட்டமா இருக்கு பாருங்க. நடுவுல ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. கருவி கெட்டுப் போயிருந்தா வட்டமா கெடாது. பாறைக்குள்ளயும் ஈயம் இப்படி வட்டமா இருக்காது. இது யாரோ விரலால வெச்சது. மோதிர விரல் அளவு." அப்படிச் சொல்லிட்டே தலையைத் தூக்கி என் மூஞ்சியைப் பாத்துச்சு. மூஞ்சியைக்கூட இல்லீங்க. நெத்தியை.

நான் சூரியனை அணைச்சுட்டேன்.

எனக்கே தெரியலைங்க, கை பாட்டுக்குப் போய் சுவிட்சை அமுத்திருச்சு. கொட்டாய் இருட்டாயிருச்சு. நித்திலா சத்தமே போடலை. "அண்ணே, லைட்டைப் போடுங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. போட்டேன். "உங்க குங்குமம் எந்தக் கடையில வாங்கினது?"

நான் விடலை. "அது சாமி பொருளும்மா. அதுல எப்படி ஈயம் வரும்?"னு கேட்டேன்.

"நல்ல குங்குமத்துல வராதுண்ணே. நெறம் தூக்கலா இருக்கணும்னு சில பேரு பெயிண்ட்ல போடற பொடியைக் கலந்துடுவாங்க. அதுல ஈயம் இருக்கும்." லேப்டாப்பைப் பாத்துட்டேதான் சொல்லுச்சு, எனக்காகச் சொல்ற மாதிரிகூட இல்லை. "நெத்தியில வெச்சாலே நல்லதில்லை. வயித்துக்குள்ள போனா ரொம்ப மோசம். அதுவும் சின்னக் குழந்தைங்கன்னா மூளை வளர்ச்சியையே கெடுத்துரும்."

எனக்கு ஒன்றரை வயசுல ஒரு பேத்தி இருக்குதுங்க. மகிழினின்னு பேரு. காலையிலயும் சாயங்காலமும் பாவாயி அதுக்குப் பொட்டு வெப்பா. வெச்ச கையோட அது உள்ளங்கையில அப்பி எடுத்து வாயில வெச்சுக்கும். நாங்க எல்லாரும் சிரிப்போம். குங்குமந்தின்னின்னு பேரே வெச்சிருந்தோம். நான்தான் வெச்சேன் அந்தப் பேரு.

சட்டைச் சோப்புல கையை விட்டா டப்பி வர மாட்டேங்குது.  எடுத்து அந்தப் புள்ள மடியில வெச்சேன். "பதினோரு கல்லுக்கும் நான்தாம்மா வெச்சேன். இதுல இருந்துதான். இதைச் சுட்டுப் பாரும்மா, மொதல்ல இதைச் சுட்டுப் பாரு"ன்னேன்.

அந்தப் புள்ளையோட ஆறு வருசம் வீணாப் போகக்கூடாதுன்னுதான் சொன்னேனுங்க. வேற ஒண்ணும் நெனைக்கலை. டப்பியைக் குடுத்த கையோட வெளிய ஓடிப் போய் பாவாயிக்குப் போன் போட்டேன். "பாப்பா மூஞ்சியைக் கழுவு. கையைக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு. ஏன்னு கேக்காத." அவ, "நிலாவுல இருந்தா பேசறீங்க?"ன்னு சிரிக்கறா. நான் அழுதுட்டேன். அன்னிக்கு மட்டுந்தான் அவ சிரிப்பு நின்னுச்சு.

சாப்பிட்டு வந்தவங்க முன்னாடியே டப்பியை அந்த வெள்ளை மண்ணு மேல தொறந்து வெச்சு வண்டியைக் கிட்டக் கொண்டு போனாங்க. அதுவா, எப்பவும் போல நிக்குது, யோசிக்குது, கழுத்தைச் சாய்க்குது. என்ற வாழ்க்கையில அதைப் போல ஒரு நேரம் ஓடாம நின்னதில்லைங்க. பொறவு சுட்டுச்சு. கல்லு நெத்தியில வந்த கோடும் டப்பியில வந்த கோடும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வெச்சுக் காட்டினாங்க. ரெட்டைப் புள்ளைக மாதிரி இருந்துச்சு. டப்பியில இன்னும் ஒசரமா.

அந்தப் பெரியவரு எந்திரிச்சுத் திரைகிட்டப் போய்ப் பாத்தாரு. என்னைக் கூப்பிட்டு, "தொடைச்சீங்களா?"ன்னாரு. "ஈரத் துணியில தொடைச்சேனுங்க, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு"ன்னேன். நித்திலா பக்கம் திரும்பி, "கண்ணுக்குத் தெரியாத பொட்டை உன் கருவி கண்டுபிடிச்சிருக்கும்மா"ன்னு சொல்லி, சிரிச்சாரு. மூடின நோட்டை மறுபடி தொறந்தாரு. இப்ப அந்தக் கருவிதாங்க மேல போகுது. அடுத்த வருசம்.

அப்ப அதை ஜெயிக்க வெச்சது யாரு? நியாயமாச் சொல்லுங்க. நான் பொட்டு வெக்காம இருந்திருந்தா, நாலு சரி, ஒம்பது சரி, ஏழும் சரின்னுட்டுப் போயிருப்பாங்க. அதோட பவுசு எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்? ஆனா ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்கறாங்க தெரியுமா? ஆரோக்கியராஜ் சாருதான் தமிழ்ல படிச்சுக் காட்டினாரு, ரெண்டு தரம், நிறுத்தி நிறுத்தி. "மாசு ஏற்பட்ட வழி: களப் பராமரிப்பாளர்." மாசுங்களாம். என்னை. இருபது வருசம் ஒரு குஞ்சுக்குச் சீக்கு வர விடாதவனை. இப்ப நான் உள்ள போறதுக்கு முன்னாடி நெத்தியைக் கழுவச் சொல்லி வாசல்ல ஒரு குழாய் வெச்சிருக்கறாங்க. சாரு அங்க நின்னு பாக்கறாரு, முறுக்குத் தின்னுட்டே.

பாப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தோம். இருக்கக்கூடாத அளவுக்கு ஈயம் இருந்துச்சு. டாக்டரம்மா திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பளிச்சுனு இருக்குதுன்னு கடை கடையாத் தேடி நான் வாங்கிக் குடுத்ததுங்க அது. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாத்ததுல பாதிக்கு மேல எறங்கிருச்சுன்னாங்க. வெளையாட்டு, பேச்சு எல்லாம் வயசுக்குச் சரியா இருக்குது, ஆனா விடாம பாத்துட்டே இருக்கோணுமாம். இப்ப பாவாயி ஊட்லயே மஞ்சளும் எலுமிச்சையும் வெங்காரமும் போட்டு இடிச்சுச் செய்யறா. நெறம் மங்கல்தான். என்ற நெத்தியைப் பாருங்க. செங்கல் மாதிரி இருக்குதா? இதைச் சுட்டுப் பாத்தாச்சு. ஈயம் இல்லை.

அதனாலதாங்க உங்க நெத்தியைப் பாத்தேன். காலடியில இந்தப் பை இருக்குது பாருங்க, இதுல ஆறு குங்குமப் பொட்டலம். சனிக்கெழமை சனிக்கெழமை பஸ்ல வர்றவங்ககிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போறது. நித்திலாவுக்குக் கோவம் வரும். "அண்ணே, இது நிலாவுல பாறை பாக்கற கருவி, குங்குமக் கடை இல்லை"ன்னு சொல்லும். சொல்லிட்டே டப்பியைத் தொறந்து வெக்கும். இதுவரைக்கும் பத்தொம்பது பாத்திருக்குது, அஞ்சுல ஈயம்.

சிவப்பா இருந்தாலே தப்புன்னு இல்லீங்க. உங்களது நல்லதாவே இருக்கலாம். ஆனா உங்க சட்டைச் சோப்புல நீட்டிட்டு இருக்குது பாருங்க, ஊட்டுக்குன்னு மடிச்ச குங்குமப் பொட்டலம், அதுக்குப் பக்கத்துல ஒரு கிலுகிலுப்பையும் இருக்குது. அதைப் பாத்துட்டு என்னால சும்மா வர முடியலை. அந்தப் பொட்டலத்தை எனக்குக் குடுங்க. போன் நம்பரை மேல எழுதுங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்.

கண்டக்டரே, நிலா ஸ்டாப் ஒண்ணு. அவருக்குத் தெரியுமுங்க, நிறுத்துவாரு. பேனா இருக்குதுங்களா, நான் தரட்டுமா?